பதினேழாம் மாடிக்கு முப்பத்தெட்டுப் பொட்டலம்

அரண்யா வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அதே கட்டடத்து லிஃப்டில் ஏறி அதே பதினேழாம் மாடியில்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். முன்பு கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். இப்போது இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பை தொங்கியது. வேலையை நீ விடவில்லை, சம்பளம்தான் உன்னை விட்டது என்று கணவன் பிரசித் சொல்வான். தொழிற்பள்ளியில் வெல்டிங் சொல்லித்தரும் வாத்தியார் அவன். சொல்லிவிட்டு அவள் முறைப்பதற்குள் பம்ப்ளிமாஸ் உரிக்க உட்கார்ந்துவிடுவான். காலை நாலரைக்கு உட்கார்ந்தால்தான் முப்பத்தெட்டுப் பொட்டலத்துக்குச் சுளை காணும்.

பொட்டலத்தில் இருந்தது காவ் யாம். தாய்லாந்தின் தெற்கே சொங்க்லா பக்கத்துக்காரர்கள் காலையில் தின்கிற கலவைச் சோறு. ஆறின சோற்றின் மேல் வறுத்த தேங்காய்ப்பூ, இறால் பொடி, மெலிதாக அரிந்த எலுமிச்சைப் புல், முளைப்பயறு, பம்ப்ளிமாஸ் சுளை எல்லாம் வைத்து, நெத்திலி ஊறலைக் காய்ச்சிய சாற்றை மேலே ஊற்றிப் பிசைய வேண்டும். அந்த ஊறல்தான் அதற்கு உயிர், அதன் வாடையும் அதுதான். மாதக்கணக்காக உப்பில் கிடந்த நெத்திலி எங்கே போனாலும் வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் போகும்.

அரண்யாவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருஷம் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவள். விபத்து, ஆஸ்பத்திரி, வெள்ளம், தீ என்று வருகிற விண்ணப்பங்களைப் படித்து, எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று குறிப்பு எழுதுவது வேலை. கெட்டிக்காரி. பிரிவுத் தலைவி நருமோனுக்கு அடுத்த இடம் அவளுடையதாக இருந்தது. நருமோன் ஓய்வு பெற்றதும் அந்த அறை இவளுக்குத்தான் என்று லிஃப்ட்காரன்வரை தெரியும். ஒரு மத்தியானம், நருமோன் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், ஒரு கோப்பை வைக்க அந்த அறைக்குள் போனாள். நாற்காலியில் குளிருக்கு ஒரு சால்வை, கழுத்து வலிக்கு ஒரு தலையணை, மேஜை மேல் மூன்று விதமான வயிற்றெரிச்சல் மாத்திரை. நமக்கு வரப்போவது இதுதான் என்று அவளுக்குப் பட்டது. வேண்டாம் என்றும் பட்டது. தன்னம்பிக்கைப் புத்தகம் எதையும் அவள் படிக்கவில்லை. காரணம் என்று கேட்டால் அந்த மூன்று மாத்திரை டப்பாவைத்தான் சொல்ல முடியும்.

அவள் போட்ட திட்டம் சின்னது. பாங்காக்கில் அவள் வீடு இருக்கிற ராம்காம்ஹேங் பக்கம் தெற்கத்திக்காரர்கள் ஏராளம். படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், வந்து திரும்பிப் போகாதவர்கள். அங்கே காலையில் ஆறிலிருந்து பத்துவரை ஒரு கடை. ஊறலை ஊறலாகவே ஊற்றுகிற கடை. அவ்வளவுதான்.

விடைகொடுக்கும் விருந்து அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட்டது. கரோக்கே அறையில் ஆளுக்கொரு பாட்டுப் பாடி முடித்த பிறகு நருமோன் மைக்கை வாங்கினாள். ஐம்பத்தாறு வயது, நல்ல மனசு, எதைச் சொன்னாலும் அறிவிப்பாகவே சொல்லிப் பழகியவள். அரண்யா தனியாகத் தொழில் தொடங்குகிறாள், அவளை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட முடியுமா, இனி வாரத்தில் மூன்று நாள் நம் பிரிவுக்கு மத்தியானச் சாப்பாடு அவளிடமிருந்துதான் என்று அறிவித்தாள். முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டினார்கள். மைக்கில் சொன்னதை மறுத்துப் பேசுகிற பிறவி அந்தப் பிரிவில் இல்லை. மறுத்துப் பேசாத பிறவிகளில் அரண்யாவும் ஒருத்தி. கண் கலங்கக் கைகூப்பினாள். வீட்டுக்கு வந்து பிரசித்திடம் சொல்லும்போதுதான், ஆபீஸ்காரர்களுக்குக் கட்டித்தருவதாகத் தான் எப்போது நினைத்தோம் என்று அவளுக்கே தோன்றியது.

அப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துகொண்டே சோம் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அரண்யா பார்த்தாள். சோம் அவளுக்குக் கீழே வேலை பார்த்து இப்போது அவள் இடத்துக்கு வந்திருக்கிற பெண். முப்பத்திரண்டு வயது, கோடு போட்டால் கோணாத கை. காரம் போலிருக்கிறது என்று அரண்யா மிளகாயைக் குறைத்தாள். அடுத்த மாதம் ஆபீஸ் சமையலறை அலமாரியின் மேல் வாசனை தெளிக்கிற டப்பாக்கள் இரண்டு புதிதாக முளைத்திருந்தன. ஊறலைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு இறால் பொடியைக் குறைத்தாள். எலுமிச்சைப் புல் பல்லில் சிக்குகிறது போலிருந்ததால் அதையும் குறைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் எதுவும் கேட்கவில்லை. எதைக் குறைத்தாலும் நன்றாக இருக்கிறது என்ற பேச்சு மட்டும் குறையவே இல்லை. தாட்சண்யத்தில் முப்பத்தெட்டுப் பேரும் ஒரு தட்டு, அவள் ஒருத்தி ஒரு தட்டு என்று தராசில் வைத்தால் முள் நடுவில் நிற்கும்.

ஐந்தாவது மாதம் ராம்காம்ஹேங்கில் ஒரு இடம் அமைந்தது. லான் அம்மாள் என்கிற சீனத்து அம்மாளின் ஆணி, பெயிண்ட் விற்கிற கடை. அதன் முகப்பில் நாலு மேஜை போட இடம் தந்தாள். அரண்யா செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் கடையைத் திறந்தாள். மற்ற நாள் காலையில் பொட்டலம் கட்டவே நேரம் போதாது, ஆள் வைக்கவும் கட்டுப்படியாகவில்லை. அங்கே ஊறலை முழுசாக ஊற்றினாள். முதல் நாள் எட்டு மணிக்கே சோறு தீர்ந்தது. இரண்டாவது வாரம் ஏழரைக்குத் தீர்ந்தது. தெற்கத்திக்காரர்களுக்குத் தாட்சண்யம் கொஞ்சம் மட்டு. புதன்கிழமை வந்து ஏமாந்தவன் வியாழக்கிழமை வந்து சண்டைக்கு நிற்பான்.

"என்னக்கா, நேத்து வந்து பாத்தா கடை அடைச்சுக் கெடக்கு? வயித்துக்கு லீவு விட்டுட்டா வரமுடியும்?" என்று ஒருவன் கேட்டான். அவள் மன்னிப்புக் கேட்டு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். அன்று முழுக்க அவளுக்கு மனசு குளிர்ந்து கிடந்தது. யாரோ ஒருவருக்குத் தன் சோறு இல்லாமல் கோபம் வருகிறது என்பது அவள் பத்தொன்பது வருஷத்தில் பார்க்காத சுகம்.

லான் அம்மாளும் தாட்சண்யம் பார்க்கிற ரகம் இல்லை. எட்டாவது மாதம் முடிகிற வாரம் அவள் பேச்சை வெட்டொன்று துண்டிரண்டாக வைத்தாள். வாரம் ஆறு நாளும் கடை திறந்தால் முகப்பு அரண்யாவுக்கு. இல்லையென்றால் கோழிச்சோறு போடுகிற ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கு. பாதி நாள் மூடிக் கிடக்கிற கடையால் தன் ஆணி வியாபாரமும் படுத்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ஆக, பதினேழாம் மாடியை விட வேண்டும். இல்லையென்றால் கடை போய்விடும், அது போனால் வேலையை விட்டதற்கே அர்த்தமில்லை. இது அரண்யாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் போய் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஒன்றுமில்லாமல் நின்றபோது கை கொடுத்தவர்களிடம் போய், உங்கள் கை இனி வேண்டாம் என்பதா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பொய் தேடினார்கள்.

"கை வலின்னு சொல்லேன்" என்றான் பிரசித்.

"சொன்னா, நாளைக்கே முப்பத்தெட்டுப் பேரும் தைலத்தோட வீட்டு வாசல்ல நிப்பாங்க."

"ஊருக்குப் போறேன்னு சொல்லு."

"எத்தனை நாளைக்கு? வரும்போது அத்தனை பேருக்கும் எதாவது வாங்கிட்டு வரணும், அது தெரியுமா உனக்கு?"

"அப்ப உண்மையைச் சொல்லிடு."

உண்மையைச் சொல்வதற்குப் பேசாமல் ஐந்து வருஷம் பொட்டலமே கட்டிவிடலாம் என்று அரண்யாவின் முகத்தில் எழுதியிருந்தது.

புதன்கிழமை வாய்க்கால் படகு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு பையையும் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் வாய்க்குள்ளேயே வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். அக்கா, ஒரு விஷயம். அக்கா, தப்பா நினைக்காதீங்க. அக்கா, நீங்க செஞ்ச உதவியை. அதற்கு மேல் ஒரு வாக்கியமும் நகரவில்லை. அசோக் படித்துறையில் இறங்கும்போது மூன்று பாதி வாக்கியங்கள் கைவசம் இருந்தன.

பதினேழாம் மாடியில் பதினொன்றுகூட ஆகவில்லை. எல்லோரும் மேஜைகளில் குனிந்திருந்தார்கள். அவள் சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்ப் பொட்டலங்களை அடுக்கினாள். கரண்டிகள் வைக்கிற அலமாரிக் கதவைத் திறந்தாள். வழக்கமாகக் கரண்டிகளைச் சம்லி பெரியம்மா வெளியே எடுத்து வைத்திருப்பாள். இன்று நேரம் ஆகவில்லை. கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அளவுகோல் வைத்து இழுத்த கட்டங்கள், சோமின் கையெழுத்து.

காவ் யாம் முறைப்பட்டியல் என்று தலைப்பு. தயாரித்தவர் சோம், ஒப்புதல் நருமோன். கீழே முப்பத்தெட்டுப் பெயரும் நாலு பத்தியாகப் பிரிந்திருந்தன. இங்கே சாப்பிடுபவர் ஒன்பது பேர். வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் பத்துப் பேர். கீழே காவலர்களுக்குக் கொடுப்பவர் ஏழு பேர். மீதி சம்லி பெரியம்மா. வாரா வாரம் பெயர்கள் சுழல வேண்டும். முறையை மாற்றிக்கொள்ள விரும்புவோர் ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்கவும். வாசனை தெளிக்கும் பொறுப்பு தனி. அரண்யா அக்கா லிஃப்டில் ஏறும்வரை யாரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. வித்யா என்ற பெயருக்கு நேரே வயிற்றுப் புண், ஒரு மாதம் விலக்கு, மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. சான்றும் பின்னால் கிளிப்பில் இருந்தது. அதன் தேதி போன வாரமே முடிந்துவிட்டது. பழக்கதோஷம், அரண்யாவின் கண் முதலில் அங்கேதான் போனது.

காது இரண்டும் சூடாயின. வெட்கமாக இருந்தது. எட்டு மாதமாக விடியுமுன் எழுந்து இவர்களுக்கு ஒரு தண்டனையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று இருந்தது. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தாள். இவர்களுக்கு இது வேண்டாம். வேண்டவே வேண்டாம். நிறுத்தினால் ஒருவர்கூட வருத்தப்படப்போவதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் முதல் தாளுக்குக் கீழே இன்னொன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள். அடுத்த மாதத்துப் பட்டியல். அதில் மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் இருந்தது. மேலே ஒரு குறிப்பு: அரண்யா அக்காவின் ராம்காம்ஹேங் கடை மூடிக் கிடப்பதை நேரில் கண்டேன். நிலைமை சரியில்லை என்று தெரிகிறது. ஆகவே ஒன்றாம் தேதி முதல் வாரம் ஐந்து நாள். எல்லோரும் ஒத்துழைக்கவும். சோம்.

சிரிப்பு நின்றுவிட்டது. சோம் ஒரு புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ அந்தப் பக்கம் போயிருக்கிறாள். இவள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நாள், கடை மூடித்தானே கிடக்கும்.

பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சம்லி பெரியம்மா வாசலில் நின்றாள். அந்த மாடியில் காப்பி கலந்து பாத்திரம் கழுவுகிறவள். வடகிழக்கிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் பாங்காக் பூச்சு ஒட்டாத ஆள்.

"பாத்துட்டியா கண்ணு" என்றாள். "நான் ஒட்டலை. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அரண்யா, தான் எதையும் பார்க்கவில்லை என்றே இருக்கட்டும், சோமுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியம்மாவுக்கு வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று கேட்டாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, தன் தெருவில் பங்கு வைத்துக் கொடுத்துவிடுவதாகச் சம்லி பெரியம்மா சொன்னாள்.

"அவங்களாவது சாப்பிடறாங்களா?"

"முதல்ல கொண்டாந்தியே, அது சாப்பாடு. எங்க தெருவுல அடிச்சுக்கிட்டாங்க. இப்பக் கொண்டாறது ஆஸ்பத்திரியில குடுக்கறது மாதிரி இருக்கு. ஊறலை ஏன் கொறச்சே?"

"இங்க இருக்கறவங்களுக்கு வாடை ஆகாதேன்னுதான்."

"இங்க இருக்கறவங்கதான் சாப்பிடவே இல்லையே" என்றாள் சம்லி பெரியம்மா.

அதற்குள் நருமோன் அரண்யாவைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டாள். அறைக்குள் சால்வையோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து அரண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு ஒரு நல்ல சேதி என்றாள். அரண்யாவின் சாப்பாடு இல்லாத நாளில் இந்தப் பிரிவுக்கு வேலையே ஓடவில்லை என்றும், எல்லோரும் தாங்களாகவே வந்து கேட்டார்கள் என்றும், அதனால் ஒன்றாம் தேதியிலிருந்து வாரம் ஐந்து நாளும் கொண்டுவர வேண்டும் என்றும் அறிவித்தாள். சொல்லும்போது அவள் கண்ணில் நிஜமான அன்பு இருந்தது. அதுதான் பிரச்சினை.

அரண்யா வாயைத் திறந்தாள். படகில் தயாரித்த மூன்று பாதி வாக்கியமும் ஓடிப்போயின. "ரொம்ப நன்றிக்கா" என்று வாய் தானாகச் சொன்னது. கை தானாகக் கூப்பியது. கால் தானாக வெளியே நடந்தது.

லிஃப்டில் ஏறிக் கதவு மூடிய பிறகுதான் என்ன செய்துவிட்டு வந்தோம் என்று உறைத்தது. ஐந்து நாள். கடை போயிற்று. கோழிச்சோற்றுக்காரன் வெள்ளிக்கிழமை மேஜையைக் கொண்டுவந்து போடுவான். வியாழக்கிழமைச் சண்டைக்காரன் வேறு கடை பார்த்துக்கொள்வான். அவள் ஆயுசுக்கும், யாரும் தின்னாத சோற்றை யாரும் வருத்தப்படக் கூடாது என்பதற்காகப் பதினேழு மாடி தூக்கிக்கொண்டு வருவாள். இதற்கு அந்த மூன்று மாத்திரை டப்பாவே தேவலை, அதற்காவது சம்பளம் உண்டு. தன் மேலேயே அவளுக்கு அப்படிக் கோபம் வந்தது. லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்று கதவு திறந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். அவள் இறங்கவில்லை. மறுபடி பதினேழை அழுத்தினாள்.

நருமோன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது மறந்துவிட்டாயா என்று கேட்டாள்.

"அக்கா, வேண்டாம்" என்றாள் அரண்யா.

நருமோனுக்குப் புரியவில்லை. ஐந்து நாள் கஷ்டமாக இருந்தால் நாலு நாளாக வைத்துக்கொள்ளலாமே என்றாள்.

"நாலும் வேண்டாம். மூணும் வேண்டாம். ஒண்ணாந்தேதியிலேர்ந்து என்னால கொண்டுவர முடியாதுக்கா."

சொல்லி முடித்ததும் அரண்யா நாற்காலியை இழுத்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நருமோன் தண்ணீர் டம்ளரை மெல்ல வைத்தாள். அவள் முகம் சுண்டிவிட்டது. நாங்கள் ஏதாவது மனசு நோகும்படி நடந்துகொண்டோமா, யாராவது ஏதாவது சொன்னார்களா, எதையாவது பார்த்தாயா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசிக் கேள்வியில் அவள் கண் சமையலறைப் பக்கம் ஓடியது.

"நான் எதையும் பாக்கலைக்கா" என்றாள் அரண்யா. "எனக்குக் கடை இருக்கு. தினமும் தொறக்கணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை இடம் போயிடும்."

"கடையா? அது மூடிப்போச்சுன்னு சோம் சொன்னாளே?"

"உங்களுக்குக் கொண்டுவரத்தான்க்கா மூடறேன்."

நருமோன் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று அரண்யா பயந்துபோனாள். அழவில்லை. சத்தம் வெளியே கேட்காமல் இருக்கச் சால்வையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். அரண்யாவுக்கும் அடக்க முடியவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே மாடியில் உட்கார்ந்து, ஒரே பானையில் காப்பி குடித்து, ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டியே காலம் கழித்த இரண்டு பேர், கதவை மூடிக்கொண்டு பள்ளிக்கூடப் பெண்கள் மாதிரிச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டால் சோமுக்கு அவமானம், வித்யாவின் வயிற்றுப் புண்ணுக்கும் அவமானம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நருமோன் பழையபடி பிரிவுத் தலைவி ஆனாள். வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள், மற்றவர்களிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

"ரொம்ப வருத்தப்படுவாங்க" என்றாள்.

"ஆமாக்கா. ரொம்பவே வருத்தப்படுவாங்க" என்றாள் அரண்யா.

அவள் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது நருமோன் வெளியே வந்து, எல்லோரும் ஒரு நிமிஷம் கவனிக்கவும் என்று சொல்வது கேட்டது. பிறகு யாரோ ஒரு தடவை கை தட்டினார்கள், யாரோ உஸ்ஸென்று அடக்கினார்கள். லிஃப்ட் வந்தது. அரண்யா ஏறிக்கொண்டாள். காலிப் பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாய்க்கால் படகில் அன்றைக்குத் தார்ப்பாய்க் கயிற்றை அவள் பிடிக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெறித்தது, நல்ல தண்ணீர் இல்லைதான், அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே லான் அம்மாளிடம் போனாள். ஆறு நாள் என்றாள். லான் அம்மாள் ஆணி எண்ணிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் சரி என்றாள். ஒரு பெரிய விஷயம் இவ்வளவு சின்னதாக முடியுமா என்று அரண்யாவுக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் பிரசித்திடம் நடந்ததைச் சொன்னாள். என்ன பொய் சொன்னாய் என்றுதான் அவன் முதலில் கேட்டான். பொய் சொல்லவில்லை என்றதும், நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த திங்கள்கிழமை காலை நாலரைக்குத் தூக்கத்தில் எழுந்து பம்ப்ளிமாஸைத் தேடினான். ஆபீஸுக்கு இல்லை, கடைக்கு, அதுவும் நாலில் ஒரு பங்கு உரித்தால் போதும் என்றதும், போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு இன்னும் முக்கால் மணி நேரம் தூங்கினான். அவள் வேலையை விட்டதில் அவனுக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

பிறகு வந்த மூன்று வாரம் அரண்யா தூக்கமே மறந்து வேலை செய்தாள், ஆனால் களைப்பு தெரியவில்லை. திங்கள்கிழமையும் கடை திறந்திருப்பதைப் பார்த்த வியாழக்கிழமைச் சண்டைக்காரன், நம்பாமல் மேஜையைத் தட்டிப் பார்த்தான். சம்லி பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு என்று முந்தின நாளே வந்து ஊறல் மட்டும் ஒரு புட்டி வாங்கிப் போனாள். தன் தெருவில் மரியாதை திரும்பிவிட்டதாம்.

மூன்றாவது சனிக்கிழமை, கூட்டம் கலைகிற நேரத்தில், நருமோன் வந்து நின்றாள். சால்வை இல்லாமல், பூப்போட்ட சட்டையில் அவளை அடையாளம் தெரிய ஒரு நொடி பிடித்தது. அரண்யா பதறிப்போய் மேஜையைத் துடைத்து உட்கார வைத்தாள். கேட்காமலே ஒரு தட்டு காவ் யாம் கொண்டுவந்து வைத்தாள், இந்தத் தடவை ஊறலை முழுசாக ஊற்றி. நருமோன் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த தெற்கத்திக்காரர்கள் ஒரு சுளை விடாமல் வழித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டாவது வாய்க்குக் கரண்டியைத் தூக்கினாள், பாதி வழியில் கீழே வைத்துவிட்டாள்.

"அரண்யா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியே."

"சொல்லுங்கக்கா."

"எனக்கு இது பிடிக்கலை. முதல் நாள்லேர்ந்தே பிடிக்கலை."

அரண்யா அவளைப் பார்த்தாள். நருமோன் முகத்தில் திருட்டு விழி. அதே சமயம், இறுக்கமான செருப்பைக் கழற்றியவளுக்கு வருகிற நிம்மதியும் இருந்தது. வருத்தமே வரவில்லை என்பது அரண்யாவுக்கே ஆச்சரியம். இவ்வளவு வருஷத்தில் இவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நருமோன் மேல் புதிதாக ஒரு பாசம் வந்தது. தட்டை எடுத்து அப்பால் வைத்தாள். வேறு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

"முட்டை பொரிக்கத் தெரியுமா உனக்கு? ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, மஞ்சள் உடையாம."

அரண்யா எண்ணெயை நன்றாகக் காயவைத்து, முட்டையை உடைத்து ஊற்றினாள். ஓரம் சிவந்ததும் அரித்தெடுத்து, வெறும் சோற்றின் மேல் வைத்துக் கொடுத்தாள். நருமோன் தலை நிமிராமல் சாப்பிட்டாள். மஞ்சள் கருவைச் சோற்றோடு பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னொண்ணு போடு" என்றாள்.

எட்டு மாதமாகப் பதினேழாம் மாடிக்கு வாரத்தில் மூன்று நாள் பொட்டலம் சுமந்தவளுக்கு, அந்த மாடியிலிருந்து வந்த முதல் நிஜமான ஆர்டர் அதுதான். அரண்யா அடுப்பைத் தூண்டினாள்.